பிசினை அளந்தறிதல்

உலையில் இடும் அரிசியின் அளவை அறிந்தே நீரின் அளவை வகுக்கிறோம். அளவு தவறினால் சோறு குழையும். அன்றி வேகாது நிற்கும். எபாக்சிப் பிசினைக் கையாள்வோருக்கும் இத்தகைய அளவறிவு இன்றியமையாதது.

காவிரிப் படுகையின் கடலோரத்தை அடுத்தது திருக்கடையூர். அதனருகே பிள்ளைப்பெருமாநல்லூரில் 2001ஆம் ஆண்டு மின் நிலையம் ஒன்று இயங்கத் தொடங்கியது. இத்தகைய நிலையங்களிலுள்ள பெரிய மின்னாக்கிகளின் செப்புச் சுருள்களுக்கு, மைக்காவும் எபாக்சிப் பிசினும் சேர்ந்த காப்புறை இடுவது பெருவழக்கு. உப்புக்காற்று இரும்பை அரிக்காதவாறு எபாக்சிப் பூச்சும் பூசுவர். பிசின் சரிவர இறுகாவிடின் உறை வலுவிழக்கும், பூச்சு உரியும், இரும்பு துருப்பிடிக்கும்.

பிசின் இறுகுவது எவ்வாறு? அதன் மூலக்கூறுகளில் இரண்டு கார்பன் அணுக்களும் ஓர் ஆக்சிஜன் அணுவும் முக்கோண வளையமாய் இணைந்துள்ளன. இதுவே எபாக்சித் தொகுதி. கடினமாக்கி என்னும் பொருளைச் சேர்த்தால் வளையங்கள் திறந்து, மூலக்கூறுகள் வலைபோற் பின்னிக்கொள்கின்றன. ஆகவே, வளையங்கள் எத்துணை உள்ளன என்பதை முன்னரே அறிதல் வேண்டும்.

அதற்குரிய நேர்முறையொன்றை டர்பெடாக்கி என்னும் அறிஞர் 1956இல் வெளியிட்டார். பிசினை நிறுத்துக் கரைப்பானில் கரைத்து, கிரிஸ்டல் வயலட் என்னும் நிலைகாட்டியைச் சிறிது சேர்க்க வேண்டும். பின்னர், அசெட்டிக் அமிலத்தில் கரைந்த ஹைட்ரஜன் புரோமைடைப் பியூரெட்டிலிருந்து துளித்துளியாய் விட வேண்டும். ஒவ்வொரு ஹைட்ரஜன் புரோமைடு மூலக்கூறும் ஒரு வளையத்தைத் திறக்கும். வளையங்கள் தீர்ந்ததும் எஞ்சிய அமிலம் ஊதா நிறத்தை நீலப்பச்சையாக்கும். அதுவே முடிவுநிலை.

0.38 கிராம் பிசினுக்கு 0.1 நார்மல் கரைசல் 20 மில்லிலிட்டர் செலவாயிற்று என்க. அதில் 0.002 மோல் எபாக்சித் தொகுதி உள்ளது. எனவே, ஒரு மோல் தொகுதி 190 கிராம் பிசினில் அடங்கும். இந்த எண்ணே எபாக்சிச் சமான எடை. டிரைஎத்திலீன்டெட்ரமின் என்னும் கடினமாக்கியின் சமான எடை ஏறத்தாழ 24 ஆதலால், 100 கிராம் பிசினுக்கு அது 13 கிராம் வேண்டும். பிசினின் சமான எடை 250 ஆயின், 10 கிராமே போதும்.

ஹைட்ரஜன் புரோமைடு ஆவியாகிக் கரைசலின் வலிமை குன்றுவது இம்முறையின் குறை. 1964இல் ஜே என்பவர் பெர்குளோரிக் அமிலத்தையும் ஒரு புரோமைடு உப்பையும் கொண்டு, குடுவைக்குள்ளேயே ஹைட்ரஜன் புரோமைடு உண்டாகும் வழியைக் காட்டினார்.

கண்ணுக்குப் புலனாகாத வளையங்களை ஒரு நிறமாற்றத்தால் எண்ணிவிடலாம். துளியளவு ஆய்வில் காட்டும் கருத்தே பெரும்பொறிகளைக் காக்கிறது. அளந்தறிந்து செய்யும் வினையே நிலைத்த பயன் தரும்.