இறுதியில் தங்கிவிடும் சிறுசொல்

தென்னந்தோப்பில் குலை வெட்டுகிறார்கள். வேலை முடிந்தபின் ‘வெட்டிய ஆள்’ என்று சொல்கிறோம். ‘வெட்டிய அரிவாள்’, ‘வெட்டிய தோப்பு’, ‘வெட்டிய நாள்’, ‘வெட்டிய குலை’ என்றும் சொல்கிறோம். எச்சம் ஒன்றுதான். ஆனால் வெட்டியவர் யார், எதைக் கொண்டு வெட்டினார், எங்கே, எப்போது, எதை என்பதில் யாருக்கும் குழப்பம் வருவதில்லை. பெயரெச்சம் செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்ற ஆறையும் கொண்டு முடியும் என்று நன்னூல் வகுத்து வைத்திருக்கிறது. இந்த வசதி நமக்குப் பழகிப்போனதால் அதன் அருமை தெரிவதில்லை. ஆங்கிலத்தில் எழுத உட்காரும்போதுதான் தெரிகிறது.

‘அரிவாளால் வெட்டினான்’ என்ற தொடரில் ‘ஆல்’ இருக்கிறது. ‘வெட்டிய அரிவாள்’ என்று திருப்பிப் போட்டதும் அது மறைந்துவிடுகிறது. ‘வீட்டில் இருக்கிறேன்’ என்பது ‘நான் இருக்கிற வீடு’ ஆகும்போது ‘இல்’ போய்விடுகிறது. பெயர் இடம் மாறியதும் அதன் வேற்றுமை உருபு உதிர்ந்துவிடும். உதிர்ந்ததைக் கேட்பவரே நிரப்பிக்கொள்வார். தமிழ்ப் பெயரெச்சம் இப்படித்தான் வேலை செய்கிறது.

ஆங்கிலம் பொதுவாக இப்படி உதிர்ப்பதில்லை. ‘ஐ லிவ் இன் திஸ் ஹவுஸ்’ என்பதிலிருந்து வீட்டை முன்னே கொண்டுவந்தால் ‘தி ஹவுஸ் ஐ லிவ் இன்’ என்றாகும். வீடு முன்னே போய்விட்டது; ‘இன்’ மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. கத்தியானால் ‘தி நைஃப் ஐ கட் இட் வித்’. பேசிய ஆளானால் ‘தி மேன் ஐ ஸ்போக் டு’. ரிலேட்டிவ் க்ளாஸ் என்று பள்ளியில் சொல்லிக்கொடுக்கப்படும் இந்த அமைப்பில் நம்மவர்கள் மிகுதியாகத் தவறுவது இந்த இடத்தில்தான். ‘தி ஹவுஸ் ஐ லிவ்’, ‘தி மேன் ஐ ஸ்போக்’ என்று நிறுத்திவிடுகிறார்கள். இதைக் கவனக்குறைவு என்று சிவப்பு மையில் சுழிப்பது நியாயமில்லை. அந்தப் பிள்ளை தமிழின் விதியை, அதுவும் துல்லியமாகவே, ஆங்கிலத்துக்குக் கொண்டுபோயிருக்கிறது. காரணத்தை எடுத்துச் சொன்னால் திருத்திக்கொள்ளும்.

ஆங்கிலம் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறது? ‘நான் பேசிய ஆள்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அவரோடு பேசினேனா, அவரைப் பற்றிப் பேசினேனா? சூழ்நிலை தெரியாவிட்டால் சொல்ல முடியாது. ‘நான் வந்த ஊர்’ என்றாலும் அப்படித்தான். வந்து சேர்ந்த ஊராகவும் இருக்கலாம், விட்டுவந்த ஊராகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் ‘ஸ்போக் டு’, ‘ஸ்போக் அபவுட்’, ‘ஸ்போக் ஃபார்’, ‘ஸ்போக் அகெய்ன்ஸ்ட்’ என்று கடைசியில் நிற்கும் சிறுசொல்லே உறவைச் சொல்லிவிடுகிறது. தமிழிலும் வேண்டும்போது உருபைக் காப்பாற்ற வழி உண்டு. ‘எந்த ஊரிலிருந்து வந்தேனோ அந்த ஊர்’, ‘யாரைப் பற்றிப் பேசினேனோ அவர்’ என்கிறோம். வழக்கறிஞர்களும் மேடைப் பேச்சாளர்களும் இந்த அமைப்பை விரும்பிக் கையாள்வதற்கு இந்தத் தெளிவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

அந்த வீட்டையே ஆங்கிலத்தில் நான்கு விதமாகச் சொல்லலாம். ‘தி ஹவுஸ் இன் விச் ஐ லிவ்’, ‘தி ஹவுஸ் விச் ஐ லிவ் இன்’, ‘தி ஹவுஸ் தட் ஐ லிவ் இன்’, ‘தி ஹவுஸ் ஐ லிவ் இன்’. முதலாவது மனுவுக்கும் ஆய்வுக்கட்டுரைக்கும் பொருந்தும், கடைசியது வாய்ப்பேச்சு. ‘இன்’, ‘டு’ போன்ற முன்னிடைச்சொல்லை முன்னே இழுத்தால் அதன் பின்னால் ‘விச்’ அல்லது ‘ஹூம்’ வந்தே ஆகவேண்டும். ‘இன் தட் ஐ லிவ்’ என்று வராது. ‘வேர்’ என்று தொடங்கினால் ‘இன்’ அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அதனால் ‘தி ஹவுஸ் வேர் ஐ லிவ் இன்’ என்பது ஒன்றையே இருமுறை சொல்வதாகும். நாளைக் குறிக்கும்போது ஆங்கிலமும் நம்மைப்போல விட்டுக்கொடுக்கிறது: ‘தி டே ஐ கேம்’ என்றால் போதும், ‘ஆன்’ தேவையில்லை.

வாக்கியத்தை முன்னிடைச்சொல்லில் முடிக்கக் கூடாது என்று பலருக்கும் சொல்லப்பட்டிருக்கும். அந்த விதிக்கு ஒரு வரலாறு உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்திலேயே ரிலேட்டிவ் க்ளாஸுக்குள் முன்னிடைச்சொல் தனித்து நின்றிருக்கிறது. பின்னால் 1672-இல் கவிஞர் ஜான் டிரைடன், தமக்கு முந்தைய நாடகாசிரியர் பென் ஜான்சனிடம் இதை ஒரு குறையாகச் சுட்டினார். தம் எழுத்திலும் அது இருப்பதாக ஒப்புக்கொண்டார். 1668-இல் தாம் வெளியிட்ட நாடகக் கலை பற்றிய கட்டுரை 1684-இல் மறுபதிப்பானபோது, கடைசியில் நின்ற முன்னிடைச்சொற்களைத் தேடித்தேடி முன்னே நகர்த்தினார். லத்தீன் இலக்கணத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டதே இதற்குக் காரணம் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. 1762-இல் இலக்கணம் எழுதிய ராபர்ட் லௌத் இவ்வளவு கண்டிப்புக் காட்டவில்லை. பேச்சுக்கு அது இயல்பு, கம்பீரமான நடைக்கு முன்னே வைப்பது நல்லது என்றார். அதைச் சொன்ன அவரது தொடரிலேயே ‘டு’ கடைசியில்தான் நிற்கிறது. 1926-இல் ஹென்றி ஃபௌலர் தம் பயன்பாட்டு அகராதியில் இந்தத் தடையை மூடநம்பிக்கை வரிசையில் சேர்த்துவிட்டார். அதன்பின் தேர்ந்த ஆங்கில எழுத்தாளர் எவரும் இதைக் குற்றமாகக் கொள்ளவேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. ஆனாலும் சில வகுப்பறைகளில் அது இன்னும் உயிரோடு இருப்பது வருத்தம் தருகிறது.

எந்த வினைக்கு எந்தச் சிறுசொல் என்பதுதான் உண்மையான பாடு. கேட்பதற்கு ‘லிசன் டு’, காத்திருப்பதற்கு ‘வெயிட் ஃபார்’, சார்ந்திருப்பதற்கு ‘டிபெண்ட் ஆன்’. ‘லுக்’ என்ற ஒரே வினை ‘அட்’ சேர்ந்தால் பார்க்கும், ‘ஃபார்’ சேர்ந்தால் தேடும், ‘ஆஃப்டர்’ சேர்ந்தால் பராமரிக்கும், ‘இன்டு’ சேர்ந்தால் விசாரிக்கும். இவற்றைத் தர்க்கத்தால் வருவிக்க முடியாது. நம் மொழியிலும் பாம்புக்குப் பயப்படுகிறோம், மழைக்கு ஒதுங்குகிறோம், பேருந்தில் ஏறுகிறோம்; தமிழ் கற்க வருகிற அயலாருக்கு இவை எவ்வளவு கடினமோ, ஆங்கிலத்தின் சிறுசொற்களும் நமக்கு அவ்வளவு கடினம்.

இந்தக் கடினத்தை நேராக எதிர்கொண்டவர்களில் ஏ. எஸ். ஹார்ன்பி முக்கியமானவர். 1924-இல் ஜப்பானுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போனவர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கான அகராதி, சொல்லின் பொருளைச் சொல்லும். அந்தச் சொல்லை எப்படி வாக்கியத்தில் அமைப்பது என்று சொல்லாது. கேட்டன்பி, வேக்ஃபீல்டு என்ற இருவருடன் சேர்ந்து அவர் தொகுத்த அகராதி, வினைகளை 25 அமைப்புகளாக வகுத்து, ஒவ்வொரு வினையும் எந்த அமைப்பில் வரும் என்று காட்டியது. அது 1942-இல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை மறுபடி வெளியிட்டது. இன்று மாணவர்கள் கையில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரியின் மூலம் அதுதான். பொருளை மட்டும் பார்த்துவிட்டு அகராதியை மூடிவிடுகிறவர்கள், ஹார்ன்பி யாருக்காக உழைத்தாரோ அந்தப் பகுதியைப் படிக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

வினையும் சிறுசொல்லும் எவ்வளவு இறுகிப் பிணைந்திருக்கின்றன என்பதைச் சோதிக்கவும் ரிலேட்டிவ் க்ளாஸ் உதவுகிறது. ‘ஹி ரான் அப் எ ஹில்’ என்றால் குன்றின்மேல் ஓடினான். ‘ஹி ரான் அப் எ பில்’ என்றால் கடையில் பாக்கியை ஏற்றிவிட்டான். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ‘தி ஹில் அப் விச் ஹி ரான்’ என்று சொல்லலாம். ‘தி பில் அப் விச் ஹி ரான்’ என்று எந்த ஆங்கிலேயரும் சொல்லமாட்டார். குன்றில் ‘அப்’ பெயரோடு ஒட்டியது. பாக்கியில் வினையோடு ஒட்டியது. வினையோடு ஒட்டியதைப் பெயர் தன்னோடு முன்னே இழுத்துப்போக முடியாது. ‘லுக் ஆஃப்டர்’ இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. ‘தி சைல்ட் ஷி லுக்ஸ் ஆஃப்டர்’ என்பது இயல்பு. ‘ஆஃப்டர் ஹூம் ஷி லுக்ஸ்’ என்றால், குழந்தையைப் பராமரிக்கிறாள் என்ற பொருளே கலைந்துபோகிறது. உயர்ந்த நடை வேண்டும் என்று எல்லாவற்றையும் முன்னே தள்ளுகிறவர்கள் இங்கே சறுக்குகிறார்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் நம்மிடம் உண்டு. ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்ற பழக்கத்தால் ‘டிஸ்கஸ்டு அபவுட்’ என்கிறோம். ‘அவரிடம் கேட்டேன்’ என்பதால் ‘ஆஸ்க்டு டு ஹிம்’. இந்த வினைகள் செய்பொருளை நேராகவே ஏற்பவை. ஆகவே ‘தி மேட்டர் வி டிஸ்கஸ்டு’, ‘தி மேன் ஐ ஆஸ்க்டு’ என்று எதுவும் ஒட்டாமல் முடியவேண்டும். ஐயம் வந்தால் பெயரைத் திரும்ப உள்ளே வைத்து முழு வாக்கியமாகச் சொல்லிப் பார்க்கலாம்: ‘வி டிஸ்கஸ்டு தி மேட்டர்’, ‘வி வெயிட்டட் ஃபார் தி பஸ்’. முழு வாக்கியத்தில் ஃபார் இருந்தால், பேருந்து முன்னே போனபிறகும் அது இருந்தாக வேண்டும்: ‘தி பஸ் வி வெயிட்டட் ஃபார்’.