சிங்கப்பூரும் ஜொகூர் பாருவும்: குடியிருப்போர் நோக்கில் ஓர் ஒப்பீடு

அயலயலாய் அமைந்த இரு நகரங்களுள் எது வாழ்வதற்கு ஏற்றது என்னும் வினாவுக்கு விடை கூற முற்படுவோர், வாடகை இவ்வளவு, வேதனம் இவ்வளவு, அரிசி விலை இவ்வளவு எனக் கணக்கிட்டு, ஈற்றில் ஒன்றனை மேலென்பர். இம்முறை பல இடங்களுக்குப் பொருந்தலாம். மலாய்த் தீபகற்பத்தின் தென்கோடியிலுள்ள ஜொகூர் பாருவுக்கும், ஒடுங்கிய நீரிணையொன்றுக்கு அப்பாலுள்ள சிங்கப்பூருக்கும் இது பொருந்துவதன்று. ஒன்றன் மலிவு மற்றதன் செல்வத்தாற் பொருள் பெறுவது. அச்செல்வமோ மலிவான கரையின் உழைப்பையும் நீரையும் கொண்டு வளர்ந்தது. ஆதலின் இவ்விரண்டையும் தனித்தனியே தராசில் இட்டு நிறுத்தல் இயலாது. இடையே ஓடும் எல்லையையும் உடன் நிறுத்தல் வேண்டும்.

யாழ்ப்பாணத்தாருக்கு இந்நிலப்பகுதி புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு, ஆங்கிலம் கற்ற இளைஞர் பலர் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறிச் சென்று, புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் பணிபுரிந்தனர். ‘மலாயன் பென்சன்’ பெற்றுத் திரும்பியோர் கட்டிய வீடுகள் குடாநாட்டின் ஊர்களில் இன்றும் அடையாளம் காணத்தக்கன. சிங்கப்பூரின் சிலோன் றோட்டிலுள்ள செண்பக விநாயகர் கோயில் அக்குடியேற்றத்தின் நிலைத்த சின்னம். அவர்கள் காலத்தில் இரு கரைகளும் ஒரே பேரரசின் நிழலில் இருந்தன. ஒரு கரையில் உறங்கி மறு கரையில் உழைப்பது அன்று இரு நாட்டுச் செயலாகக் கருதப்படவில்லை.

வரலாறும் இவற்றை ஒன்றாகவே ஈன்றது எனலாம். 1819 இல் இராபிள்சு சிங்கப்பூரில் வணிக நிலையம் அமைக்க உடன்பாடு கண்டது ஜொகூர் அரச மரபினரோடேயாம். 1855 இல் தெமெங்கோங் இப்ராகிம் நீரிணையின் வடகரையில் தஞ்சோங் புத்திரி என்னும் குடியிருப்பை நிறுவினார்; அதுவே 1866 இல் ஜொகூர் பாரு எனப் பெயர் பெற்றது. 1919 இல் தொடங்கி 1924 இல் முறைப்படி திறந்துவைக்கப்பட்ட தாம்போதி இரண்டையும் பிணைத்தது. கடலிற் கல்லிட்டு நிரப்பிய பாதையொன்று இரு கரையாரின் வாழ்வையும் எத்துணை மாற்றும் என்பதைப் பண்ணைத் தாம்போதியைக் கடந்து தீவுப்பகுதிக்குச் செல்வோருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1942 சனவரி இறுதியில், பின்வாங்கிய பிரித்தானியப் படை இத்தாம்போதியின் ஒரு பகுதியைத் தகர்த்தது. போருக்குப் பின் அது நிலையாகச் சீர்செய்யப்பட்டது. 1965 ஆகத்து 9 இல் சிங்கப்பூர் மலேசியாவினின்று பிரிந்தபோது நேர்ந்த முறிவோ அவ்வாறு சீர்செய்யப்படவில்லை. 1967 முதல் கடவுச்சீட்டுச் சோதனை வந்தது. இரு நாணயங்களும் தனித்தனியாயின. 1973 வரை வெள்ளிக்கு வெள்ளி சமமாய் மாறிய அவை, அதன்பின் வெவ்வேறு வழி சென்றன. இன்று சிங்கப்பூர் வெள்ளி ஒன்றுக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேற் கிடைக்கிறது. இரு நகரங்களிலும் வாழும் வாழ்க்கை பற்றிய எந்த ஒப்பீடும் இந்த ஒரு கணக்கிலிருந்தே தொடங்குகிறது.

சிங்கப்பூரிற் குடியிருப்பு என்பது பெரிதும் அரசாங்கத்தின் ஆக்கம். நிலம் அங்கு அரிது. கடலைத் தூர்த்துத் தூர்த்துத் தீவைப் பெருக்கியும், 1965 இல் ஏறத்தாழ 580 சதுரக் கிலோமீற்றராயிருந்த பரப்பு இன்று 735 அளவிலேயே நிற்கிறது. அதிற் குடியிருப்போர் ஏறத்தாழ 60 இலட்சம். 1960 இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் நிறுவப்பட்டபோது, மக்களுட் பெருந்தொகையினர் குடிசைகளிலும் நெரிந்த கடைவீடுகளிலும் வாழ்ந்தனர். மறு ஆண்டு மே மாதம் புக்கிட் ஹோ சுவீ என்னும் குடிசைப் பகுதியில் மூண்ட தீ ஏறத்தாழ 16,000 பேரை வீடற்றோராக்கியது. அவர்களுக்கென எழுந்த அடுக்குமாடிகளின் வேகமே பின்வந்த கட்டட வேலைகளுக்கெல்லாம் மாதிரியாயிற்று. 1968 முதல் தொழிலாளர் தம் மத்திய சேமநிதியைக் கொண்டு வீடு வாங்க இடமளிக்கப்பட்டது. இன்று அங்குள்ள குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும் 100 பேருக்கு 80 பேர் அளவில் கழக வீடுகளிலேயே வாழ்கின்றனர். ஏழைக்கும் நீர், மின்சாரம், மலசலகூடம் குறைவறக் கிடைத்தமை அந்நகரின் பெருஞ்சாதனை என்பதில் ஐயமில்லை.

எனினும் அவ்வீட்டின் உரிமை 99 ஆண்டுக் குத்தகையே. ‘என் வளவு’ என்று யாழ்ப்பாணத்தான் சொல்லும் பொருளில் அது சொத்தன்று. அயலார் யாவர் என்பதும் விதிக்கு உட்பட்டது. 1989 இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி ஒவ்வொரு கட்டடத்திலும் ஒவ்வோர் இனத்தாரும் இவ்வளவு விகிதத்துக்கு மேற்படலாகாது. இனக்கலவரம் கண்ட நாடு, ஓரினம் ஓரிடத்தில் திரள்வதைத் தடுக்க வகுத்த இவ்விதி பெரும்பாலும் பயன்தந்தது. ஆயினும் அதன் சுமை ஒத்ததாய் விழவில்லை: தமிழரோ மலாயரோ தம் வீட்டை விற்க முயலும்போது, சில கட்டடங்களிற் பெரும்பான்மையினருக்கு விற்க முடியாமல், வாங்குவோர் தொகை சுருங்கி விலையும் தாழ்வதுண்டு. மோட்டார் வண்டியோ வீட்டினும் அரிது. 1990 முதல் வண்டி வாங்குவோர் பத்தாண்டுக்குரிய உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுத்தல் வேண்டும். அண்மை ஆண்டுகளில் அச்சான்றிதழின் விலை மட்டும் 1,00,000 வெள்ளியைத் தாண்டியதுண்டு. அதற்கு ஈடாக 1987 முதல் ஓடும் நகரப் புகையிரதம், வண்டியில்லாதோரையும் குறையின்றி வாழவைக்கிறது.

ஜொகூர் பாருவில் நிலம் உண்டு. நடுத்தர வருமானமுடையோரும் தரைவீடு, முன்றில், வாயிலில் நிற்கும் வண்டி ஆகியவற்றை எதிர்பார்த்து வாழலாம். வண்டி அங்கு ஆடம்பரமன்று. நகரப் புகையிரதம் இன்றி விரிந்து பரந்த ஊராதலால் வண்டியில்லாதோன் பாடு திண்டாட்டமே. இந்நகரம் மலிவானது என்று சிங்கப்பூரிலிருந்து வருவோர் கூறுவர். அஃது அவர்க்கு உண்மை. ரிங்கிட்டில் ஊதியம் பெறும் ஜொகூர் ஆசிரியருக்கோ, கடைச் சிப்பந்திக்கோ அந்நகரம் மலிவானதன்று. வெள்ளியில் உழைப்போர் தரும் வாடகையும் விலையுமே ஊரின் அளவுகோலாய் மாறிவருதலின், தம் ஊரிலேயே அவர்கள் பின்தள்ளப்படுகின்றனர். மலிவு என்பது அந்நகரத்தின் இயல்பு அன்று. வாங்குவோன் பையிலுள்ள நாணயத்தின் இயல்பு.

இவ்வேற்றுமையை அரசாங்கங்களும் நன்கறியும். மலேசியப் பெற்றோலை நிரப்பிவரச் செல்வோரைத் தடுக்க, சிங்கப்பூர் வண்டிகள் எல்லை கடக்கும்போது கலத்தில் முக்காற்பங்கு எண்ணெயாவது இருத்தல் வேண்டும் என 1991 இல் சிங்கப்பூர் விதித்தது. மலேசியா தன் பக்கத்தில், மானிய விலைப் பெற்றோலை அயல்நாட்டு வண்டிகளுக்கு விற்றலாகாது என்றது. நீரின் கதை இன்னும் நெடியது. 1962 ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி 2061 வரை சிங்கப்பூர் ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கலன் வரையில் நீர் எடுக்கலாம். ஆயிரம் கலனுக்கு விலை 3 மலேசியச் சதம். சுத்திகரித்த நீரில் ஒரு பகுதியை ஜொகூர் ஆயிரம் கலன் 50 சதமாகத் திரும்ப வாங்குகிறது. இவ்விலை நீதியானதா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை.

தமிழ்க் குடும்பமொன்றுக்கு இவ்விரண்டுள் எது ஏற்றது? இவ்வினா ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் சிறப்பாக உரியது. விடையோ எதிர்பார்ப்பதற்கு மாறானது. சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளுள் தமிழும் ஒன்று. நாணயத்தாளில் அது பொறிக்கப்பட்டுள்ளது, நாடாளுமன்றத்தில் ஒலிக்கலாம். ஆனால் அங்குத் தமிழ்வழிப் பாடசாலை எதுவும் இல்லை. தமிழ்வழி உயர்கல்விக்கென இருந்த உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982 இல் மூடப்பட்டது; 1987 முதல் எல்லாப் பாடசாலைகளும் ஆங்கிலத்தையே முதன்மொழியாகக் கொண்டன. தமிழ் அங்கு ஒரு பாடம். மலேசியாவில் தமிழ் ஆட்சிமொழி அன்று; ஆயினும் ஜொகூர் மாநிலத்தில் தமிழ்ப்பள்ளிகள் பல உள; முதல் ஆறாண்டு வகுப்புக்களிற் பிள்ளை தமிழிலேயே கல்வி பெறலாம். தைப்பூசமும் அவ்வாறே. சிங்கப்பூரில் 1968 முதல் அஃது அரசாங்க விடுமுறை அன்று. ஜொகூரில் விடுமுறை நாள். மொழிக்கு மதிப்புத் தந்த கரையில் அது வகுப்பறையின் ஒரு மூலைக்கு ஒதுங்கியது. மதிப்புக் குறைந்த கரையில் வகுப்பறை முழுதும் அதற்குரியதாயிற்று. எனினும் மேற்படிப்பையும் வேதனத்தையும் எண்ணும் பெற்றோர் பலர் தமிழ்ப்பள்ளியைக் கைவிட்டுச் சிங்கப்பூரை நோக்குவர். ஜொகூர் பாருவில் உறங்கிச் சிங்கப்பூரிற் படிக்கும் மலேசியப் பிள்ளைகள் விடியுமுன் பஸ்ஸேறித் தாம்போதியைக் கடக்கும் வழக்கம் நெடுநாளாய் உண்டு.

அப்பிள்ளைகளின் தந்தையர் அதனினும் முன்னரே எழுகின்றனர். தாம்போதி வழியாகவும் 1998 இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலத்தின் வழியாகவும் நாளொன்றுக்கு மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் கடக்கின்றனர். நிரைநிரையாய் மோட்டார்ச் சைக்கிள்கள் நிற்கும். மழையாயின் மழையில் நிற்கும். தாம்போதியின் நீளம் ஒரு கிலோமீற்றர் அளவே. அதனைக் கடக்க நெருக்கடி வேளையில் ஒருமணி, இருமணி நேரம் செல்வது புதுமையன்று. வாடகையில் மிஞ்சியதை வாழ்நாளிற் செலுத்துகின்றனர் என்றால் மிகையாகாது. 2014 முதல் 2024 வரை ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியுமாய் இருந்தது. சிங்கப்பூரிற் சனியும் ஞாயிறும். சிங்கப்பூரில் உழைக்கும் தந்தை ஞாயிறன்று வீட்டிலிருக்க, ஜொகூர்ப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளை புத்தகப் பையுடன் புறப்பட்டது. ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த குடும்பத்துக்கு வாரத்திற் பொதுவாய்க் கிடைத்த ஓய்வு ஒரு நாளே. 2025 சனவரி முதல் ஜொகூரும் சனி, ஞாயிறுக்கு மாறியது.

இவ்வாழ்க்கை எத்துணை மெல்லிய இழையிற் தொங்குவது என்பதை 2020 காட்டிற்று. கொள்ளைநோய் பரவுதலைத் தடுக்க, மார்ச் 18 முதல் மலேசியர் எவரும் நாட்டைவிட்டு வெளியேறலாகாது என மலேசியா மார்ச் 16 இரவு அறிவித்தது. இடையிலிருந்த ஒரே நாளில், வேலையை இழக்க விரும்பாத ஆயிரமாயிரம் பேர் துணிமூட்டையுடன் தாம்போதியைக் கடந்தனர். தங்க இடமின்றிச் சிங்கப்பூரின் வடபகுதியில் வீதியோரத்தில் உறங்கினோரும் உளர். இரு வாரம் என்று எண்ணிச் சென்றோர் பலருக்குப் பிரிவு ஈராண்டாய் நீண்டது. இடையிடையே சிலரைச் சிறு தொகையாய்க் கடக்கவிட்ட ஏற்பாடுகள் இருந்தன. எல்லை முற்றாகத் திறந்தது 2022 ஏப்பிரல் 1 அன்று. நீரிணையின் இக்கரையில் நின்று பார்த்தால் அக்கரையின் மாடிகள் கண்ணுக்குத் தெரியும். அத்துணை அணித்தேயிருந்தும் தாயின் இறுதிக் கடனுக்கு வரமுடியாதோர் இருந்தனர். வெள்ளியையும் ரிங்கிட்டையும் ஒப்பிடும் அட்டவணை எதிலும் இச்செலவுக்கு நிரல் இல்லை.

அதே 2020 சூலையில், வீடு திரும்ப முடியாதோர் இன்னும் காத்திருந்தபோதே, ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரையும் சிங்கப்பூரின் வட உட்லண்ட்சையும் இணைக்கும் 4 கிலோமீற்றர்ப் புகையிரதப் பாதையை அமைக்க இரு அரசாங்கங்களும் மீண்டும் உடன்பட்டன. மணிக்கு ஒரு திசையில் 10,000 பேரைச் சுமக்குமாறு அது திட்டமிடப்பட்டது. ஓட்டம் ஏறத்தாழ 5 நிமிடம். இரு நாட்டு அதிகாரிகளும் புறப்படும் நிலையத்திலேயே கடவுச்சீட்டைச் சோதிப்பதும், இறங்கும் நிலையத்திற் பயணி நேரே வெளியேறுவதுமே அதன் ஏற்பாடு. புக்கிட் சாகாரைச் சூழ அடுக்குமாடிகள் உயர்ந்துள்ளன. அவற்றின் விலை ரிங்கிட்டிற் குறிக்கப்படினும், விற்போர் முதலில் எடுத்துக் கூறுவது அறைகளின் தொகையை அன்று. நிலையத்துக்கு எத்தனை நிமிட நடை என்பதையே.