பூனையும் கூண்டும் டாக்டர் பட்டமும்

1898-இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் எட்வர்ட் தார்ண்டைக் என்னும் இளைஞருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது. அவர் செய்த ஆராய்ச்சி என்ன தெரியுமா? பூனையைக் கூண்டில் அடைத்து, அது வெளியே வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்கெடுத்ததுதான்!

சிரிக்காதீர்கள். பசித்த பூனை உள்ளே, மீன் வெளியே. உள்ளே தொங்கும் கயிற்று வளையத்தை இழுத்தால் கதவு திறக்கும். பூனை கூண்டின் சட்டங்களைக் கடிக்கும், பிறாண்டும். தற்செயலாக வளையத்தில் கால் பட்டுக் கதவு திறந்துகொள்ளும். அதே பூனையை மீண்டும் மீண்டும் அடைத்தார். வெளியேறும் நேரம் சிறிது சிறிதாகக் குறைந்தது. பூனை திடீரென எதையும் புரிந்துகொள்ளவில்லை, முயன்று தவறியே கற்றது என்று அவர் முடிவு கட்டினார். கற்றலையும் கடிகாரம் கொண்டு அளக்கலாம் என்பது தெளிவாயிற்று. 1903-இல் ‘கல்வி உளவியல்’ என்ற பெயரிலேயே நூல் எழுதினார்.

இத்துறையில் நீங்களும் டாக்டர் பட்டம் பெற விரும்பினால் என்ன வேண்டும்?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, முதுகலைப் பட்டத்தில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும். நான்காண்டு இளங்கலை மட்டும் படித்தவருக்கு 75 சதவீதம். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் முதலியோருக்கு 5 சதவீதம் சலுகை உண்டு. உளவியல் படித்தும் வரலாம். இயற்பியலோ தமிழோ படித்து, பி.எட்., எம்.எட். முடித்தும் வரலாம். பிறகு நுழைவுத் தேர்வு அல்லது ‘நெட்’ தேர்வு, நேர்முகத் தேர்வு. இடம் கிடைப்பது எளிதன்று. பேராசிரியர் ஒருவர் ஒரே சமயத்தில் 8 பேருக்கு மேல் வழிகாட்டக் கூடாது. உதவிப் பேராசிரியரானால் 4 பேர்தான்.

இவையெல்லாம் வாசலைத் தாண்டத்தான். உள்ளே போனால், “உன் கேள்வி என்ன?” என்பார் வழிகாட்டி. “மாணவர் ஏன் மறக்கிறார்கள்?” என்றால் போதாது. அளக்கத்தக்க கேள்வியாக வேண்டும்.

2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் கேட்டதைப் பாருங்கள். பாடத்தை இரண்டாம் முறையும் படிப்பது நல்லதா, மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது நல்லதா? 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களுக்கு 81 சதவீதமும் எழுதிப் பார்த்தவர்களுக்கு 75 சதவீதமும் நினைவிருந்தன. ஒரு வாரம் சென்றபின் நிலைமை தலைகீழாயிற்று: முன்னவருக்கு 42, பின்னவருக்கு 56! தேர்வுக்கு முதல் நாள் இரவு புத்தகத்தைப் புரட்டுகிறவர்கள் இந்த எண்களைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

ஆனால் 42-க்கும் 56-க்கும் உள்ள வேறுபாடு தற்செயலாக வந்ததன்று என்று எப்படிச் சொல்வது? இதற்குத்தான் புள்ளியியல். ஊசலின் அலைவு நேரம் இன்றும் நாளையும் ஒன்றுதான். பிள்ளைகளோ ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறுவார்கள். என்னைக் கேட்டால் எங்கள் இயற்பியலைவிட இது கடினமான அளவீடு. ஆகவே உளவியலுக்குப் போகிறோம் என்று கணக்கைக் கைவிட்டுவிடாதீர்கள்!

இன்னொன்று: பிள்ளைகளைப் பூனைபோல் அடைத்து வைத்துச் சோதிக்க முடியாது. பெற்றோரின் சம்மதம், பள்ளியின் அனுமதி, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எல்லாம் பெற வேண்டும். இதற்கே மாதங்கள் ஓடிவிடும். 3 ஆண்டுக்குக் குறையாமல், பொதுவாக 6 ஆண்டுக்குள் ஆய்வேட்டை முடிக்க வேண்டும். அதை வழிகாட்டியோடு வெளியிலிருந்து இரண்டு தேர்வாளர்களும் படிப்பார்கள். பிறகு வாய்மொழித் தேர்வு. அங்கே, “இந்த 14 சதவீத வேறுபாட்டுக்கு வேறு காரணம் இருக்கக் கூடாதா?” என்று ஒருவர் கேட்பார். அதற்கும் விடை வைத்திருக்க வேண்டும்.