பார்வோனோடு பேசாத மோசே

ரிட்லி ஸ்காட் 2014இல் எடுத்த ‘எக்ஸோடஸ்: காட்ஸ் அண்ட் கிங்ஸ்’ பார்ப்பதற்குப் பிரம்மாண்டமான படம். ஸ்பெயினின் வறண்ட அல்மெரியா நிலத்தில் எகிப்திய நகரத்தை எழுப்பினார்கள். கேனரித் தீவுகளுக்கும் போய்ப் படம்பிடித்தார்கள். டாரியுஸ் வோல்ஸ்கியின் ஒளிப்பதிவில் அரண்மனையின் பொன்னும் அடிமைகளின் செம்மண்ணும் ஒரே சட்டகத்தில் மோதுகின்றன. சுமார் 14 கோடி டாலர் செலவு திரையில் தெரிகிறது. ஆனால் இரண்டரை மணி நேரம் கழிந்தபின், மோசேயும் பார்வோனும் மனத்தில் தங்குவதில்லை. காட்சிக்குச் செலவழித்த கவனத்தைக் கதைக்குச் செலவழிக்கவில்லை என்று இதற்கு எளிதாகக் காரணம் சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை. இந்தக் கதையில் காட்சியும் பேச்சும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பவை. படம் பேச்சை எடுத்துவிட்டது. அதனால் காட்சியும் சரிந்தது.

மூலக் கதையைப் பாருங்கள். விவிலியத்தின் யாத்திராகமத்தில் கடவுள் எகிப்தின்மீது அனுப்பும் பத்து வாதைகளும் வரிசையாக வந்து விழும் இயற்கைச் சீற்றங்கள் அல்ல. நீண்டதொரு பேரத்தின் படிகள். அடிமைகளாயிருக்கும் எபிரேய ஜனங்களை அனுப்பு என்று மோசே கேட்கிறார், அரசன் மறுக்கிறான், வாதை வருகிறது. தவளைகள் நாட்டை மூடியதும் வேண்டுதல் செய்யச் சொல்கிறான். தொல்லை நீங்கியதும் மனம் கடினப்படுகிறது. ஈக்கள் வந்தபோது, இந்த நாட்டுக்குள்ளேயே உங்கள் பலியைச் செலுத்துங்கள் என்கிறான். பிறகு, போங்கள், ஆனால் வெகுதூரம் போகாதீர்கள் என்கிறான். வெட்டுக்கிளிகள் வரும் என்று எச்சரித்ததும், ஆண்கள் மட்டும் போகலாம் என்று இறங்குகிறான். காரிருளுக்குப் பிறகு, பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள், ஆடுமாடுகளை விட்டுவிடுங்கள் என்கிறான். கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தும் அதிகாரத்தின் கடைசிப் பிடியை விட மனமில்லாத ஓர் ஆட்சியாளனின் துல்லியமான சித்திரம் இது. எதிரே நிற்கும் மோசேயோ திக்குவாயர். தனக்காகப் பேச அண்ணன் ஆரோனை அழைத்து வந்தவர். பேசத் தயங்கும் மனிதர், உலகின் பெரிய அரசனிடம் திரும்பத் திரும்பப் போய்ப் பேச வேண்டியிருக்கிறது. கதையின் பதைப்பு அங்கே இருக்கிறது.

ஸ்காட்டின் படத்தில் கிறிஸ்டியன் பேல் ஏற்ற மோசே ஒரு தளபதி. ஆரோன் இருந்தும் இல்லாதவர்போல ஓரத்தில் நிற்கிறார். எகிப்துக்குத் திரும்பியதும் மோசே இரவில் பார்வோன் ராமேசேஸின் கழுத்தில் வாளை வைத்து மிரட்டுகிறார். பிறகு எபிரேயர்களுக்கு வில்வித்தை கற்றுக்கொடுத்துக் கரந்தடிப் போர் தொடங்குகிறார். கடவுளின் சார்பாக வரும் சிறுவனோ, இது மிக மெதுவாகப் போகிறது, நீ பார்த்துக்கொண்டிரு என்கிற பொருளில் சொல்லிவிடுகிறான். அதன்பின் மோசே உண்மையாகவே பார்வையாளர்தான். முதலைகள் படகுகளைத் தாக்குகின்றன, நதி சிவக்கிறது, தவளைகள், ஈக்கள், கொப்புளங்கள், கல்மழை. ஒவ்வொன்றும் அபாரமாக எடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் எந்தக் கேள்விக்கு இது பதில், எந்த மறுப்புக்கு இது தண்டனை என்று தெரியாதபோது அடுத்ததற்காகக் காத்திருக்கும் பதற்றம் எங்கிருந்து வரும்?

படத்துக்குள்ளேயே இதற்கு எதிர்ச்சான்றும் உண்டு. கடைசி வாதைக்கு முன் மோசே நேரில் வந்து, இன்றிரவு உன் பிள்ளையைக் காப்பாற்றிக்கொள் என்று எச்சரிக்கிறார். மறுநாள் ஜோயல் எட்ஜர்ட்டனின் ராமேசேஸ், இறந்த மகனைக் கையில் ஏந்தி வந்து, குழந்தைகளைக் கொல்பவனா உங்கள் கடவுள் என்று கேட்கிறான். அதற்கு மோசேயிடம் நிறைவான பதில் இல்லை. பெரிய கிராபிக்ஸ் எதுவும் இல்லாத அந்தச் சில நிமிடங்களில் படம் உயிர்பெறுகிறது, ஏனென்றால் இருவர் ஒருவரோடு ஒருவர் பேசுகிறார்கள்.

எல்லோருக்கும் தெரிந்த கதை, அதைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை, புதிதாகக் காட்டினால் போதும் என்று வாதிடலாம். 1998இல் வந்த ‘தி பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்’ அனிமேஷன் படத்துக்கும் இதே தெரிந்த கதைதான். நீளமோ சுமார் நூறு நிமிடம். அதில் வாதைகளில் பெரும்பாலானவை ஒரே பாட்டுக்குள் வந்துபோகின்றன. ஆனால் சகோதரர்களாக வளர்ந்த மோசேயும் பார்வோனும் அந்தப் பாட்டில் மாறி மாறிப் பாடுகிறார்கள். ஊர் அழிவதும் உறவு அறுவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. பிரம்மாண்டம்தான் இந்த வகைப் படங்களின் உயிர் என்பார்கள் சிலர். செசில் பி. டிமில் 1956இல் எடுத்த ‘தி டென் கமாண்ட்மென்ட்ஸ்’ சிறப்புக் காட்சிகளுக்காக ஆஸ்கர் வாங்கிய படம். அதுகூட வாதைகள் எல்லாவற்றையும் காட்டவில்லை. சிலவற்றை வசனத்தில் சொல்லிவிட்டு, மோசேயாக நடித்த சார்ல்டன் ஹெஸ்டனையும் பார்வோனாக நடித்த யூல் பிரின்னரையும் நேருக்கு நேர் நிறுத்துவதில் நேரத்தைச் செலவிட்டது. அதன் வசனங்கள் இன்று மேடைநாடகம்போல ஒலிக்கலாம், ஆனால் யார் எதற்காக மோதுகிறார்கள் என்பதில் குழப்பமே இல்லை.

அற்புதங்களுக்கு இயற்கைக் காரணம் கற்பித்ததுதான் படத்தைக் கெடுத்தது என்று நம்பிக்கையாளர்கள் பலர் வருந்தினார்கள். எகிப்தியர்களாக வெள்ளை நடிகர்களை நிறுத்தியதற்கும் கண்டனம் எழுந்தது. அந்தக் கண்டனம் நியாயமானது. ஆனால் சுனாமிக்கு முன் கடல் உள்வாங்குவதுபோலச் செங்கடலைக் காட்டியதில் எனக்குக் குறை தெரியவில்லை. கடவுளின் சார்பில் பேச ஒரு பிடிவாதக்காரச் சிறுவனை நிறுத்தியதும் துணிச்சலான கற்பனைதான். அந்தச் சிறுவனோடு மோசே இன்னும் சண்டை போட்டிருக்க வேண்டும். தன் ஜனங்களோடு பேசியிருக்க வேண்டும். இதே ஸ்காட் 2000இல் ‘கிளாடியேட்டர்’ எடுத்தவர். அங்கே அரங்கமும் புலிகளும் இருந்தன. ஆனால் தலைக்கவசத்தைக் கழற்றி, பேரரசனுக்கு முன் தன் பெயரைச் சொல்லும் மனிதனைத்தான் ரசிகர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். கதை சொல்லத் தெரியாதவர் அல்ல அவர். இங்கே அதைச் சொல்லாமல் விட்டார்.

யாத்திராகமத்தின் 7 முதல் 12 வரையிலான அதிகாரங்களை முதலில் வாசித்துவிட்டு இந்தப் படத்தைப் பாருங்கள். அரை மணி நேர வாசிப்புதான். படம் எதைத் தவறவிட்டது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.