எரிச்சல் வேறு, தூண்டுதல் வேறு

2012 நவம்பரில் சிவசேனா தலைவர் பால் தாக்கரே இறந்ததும் மும்பையில் கடைகள் மூடிக் கிடந்தன. இந்தக் கடையடைப்பு எதற்கு என்று பால்கரைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் ஃபேஸ்புக்கில் எழுதினார். அவரையும், அதற்கு ‘லைக்’ போட்ட தோழியையும் போலீஸ் கைது செய்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் புதுச்சேரியில் ஒரு தொழிலதிபர் கைதானார். அப்போதைய மத்திய நிதியமைச்சரின் மகன் கார்த்தி சிதம்பரத்தைப் பற்றி ட்விட்டரில் எழுதியிருந்தார்.

இரண்டு வழக்குகளிலும் பாய்ந்தது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. கடுமையாகப் புண்படுத்தும் தகவலை அனுப்பினால் 3 ஆண்டு வரை சிறை. எரிச்சல், அசௌகரியம் எல்லாம்கூட அந்தப் பிரிவில் இடம்பெற்றிருந்தன. யாருக்கு வந்த எரிச்சல், எவ்வளவு எரிச்சல்? அது அந்தந்த ஸ்டேஷனின் விருப்பம்.

ஸ்ரேயா சிங்கால் என்ற இன்னோர் இளம்பெண் இந்தப் பிரிவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 2015 மார்ச் 24 அன்று 66ஏ செல்லாது என்று தீர்ப்பு வந்தது. நீதிபதி ரோகிண்டன் நாரிமன் எழுதிய அந்தத் தீர்ப்பு பேச்சை மூன்றாகப் பிரிக்கிறது: விவாதிப்பது, ஒன்றை ஆதரித்து வாதாடுவது, தூண்டிவிடுவது. முதல் இரண்டும் எவ்வளவு கசந்தாலும் பேசலாம். மூன்றாவதில்தான் அரசு கைவைக்க முடியும். ‘அந்தச் சாமியார் ஏமாற்றுக்காரர்’ என்று எழுதினால் பக்தர்களுக்குக் கோபம் வரும், அவ்வளவுதான். ‘நாளை காலை அந்தத் தெருக்காரர்களை அடித்து விரட்டுங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விடுவது வேறு.

66ஏ போனதால் வெறுப்புப் பேச்சைத் தடுக்கச் சட்டமே இல்லாமல் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சமூகங்களுக்கிடையே பகையை மூட்டினால் அப்போது இந்திய தண்டனைச் சட்டம் 153ஏ இருந்தது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 196 இருக்கிறது. இணையப் பதிவுகளை முடக்க அரசுக்கு அதிகாரம் தரும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவையும் நீதிமன்றம் தொடவில்லை. எனக்கு உறுத்துவது இதுதான். அந்த முடக்க உத்தரவுகளை ரகசியமாக வைக்க விதி இருக்கிறது. யாருடைய பதிவு எதற்காகப் போனது என்று வாசகருக்குத் தெரியாது.

தீர்ப்புக்குப் பிறகும் 66ஏ-யின் கீழ் வழக்குகள் பதிவாகிக்கொண்டே இருந்தன. 2021இல் இதைக் கேட்டு உச்ச நீதிமன்றமே அதிர்ச்சி தெரிவித்தது. 2022 அக்டோபரில், இனி யார் மீதும் அந்தப் பிரிவில் வழக்கு நடத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. சட்டப் புத்தகங்களில் 66ஏ-யை அச்சிட்டால், அது செல்லாது என்பதையும் சேர்த்தே அச்சிட வேண்டும் என்றது.