வினாவை அயற்கூற்றாக மாற்றும்போது

'ஹி ஆஸ்க்ட் மீ வேர் டு யூ லிவ்' என்ற வாக்கியத்தை விடைத்தாளில் திருத்தாத ஆங்கில ஆசிரியர் நம்மில் இருக்க முடியாது. 'டுடே' என்பது 'தட் டே' ஆகும் என்ற அட்டவணையை மாணவர்கள் ஒப்பிக்கிறார்கள். வாக்கியம் மட்டும் வினாவாகவே நின்றுவிடுகிறது.

இதற்குத் தமிழ்ப் பழக்கமும் ஒரு காரணம். 'நீ எங்கே இருக்கிறாய்?' என்பதோடு 'என்று கேட்டார்' சேர்த்தால் நமக்கு வேலை முடிந்தது. கேட்டதை அப்படியே ஏந்திக்கொள்ள 'என்று' இருக்கிறது. வினாவிலும் விடையிலும் தமிழின் சொல்வரிசை பெரும்பாலும் ஒன்றே. ஆங்கிலத்திலோ வினா என்று காட்டவே துணைவினை எழுவாய்க்கு முன்னால் வருகிறது. அயற்கூற்றில் 'ஆஸ்க்ட்' என்ற சொல்லே வினாவைக் காட்டிவிடுவதால், பின்வரும் பகுதி சாதாரண வாக்கிய வரிசைக்குத் திரும்ப வேண்டும்.

எனவே காலமாற்றத்துக்கு முன் வரிசையைக் கற்பிப்பதே சரி. மூன்று மாணவர்களை நிற்க வையுங்கள். முதல் மாணவி 'வேர் டு யூ லிவ்?' என்று கேட்கட்டும். மூன்றாமவருக்குக் காது கேட்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். நடுவில் இருப்பவர் அவரிடம், 'ஷி வாண்ட்ஸ் டு நோ வேர் யூ லிவ்' என்று சொல்ல வேண்டும். இங்கே காலமும் மாறவில்லை, 'யூ'வும் மாறவில்லை. வரிசை மட்டுமே மாறுகிறது. குழந்தையின் கவனம் ஒரே இடத்தில் நிற்கும். பாட்டிக்குச் செய்தி சொல்வதுபோல் நடித்தால் ஆறாம் வகுப்பிலேயே இதைச் செய்யலாம்.

நாவுக்குப் பழகிய பிறகு 'ஆஸ்க்ட்' கொண்டுவரலாம்: 'ஷி ஆஸ்க்ட் மீ வேர் ஐ லிவ்ட்'. 'டு', 'டஸ்', 'டிட்' மூன்றும் இவ்வகை வினாக்களை அமைக்க வந்தவை. வினா வரிசை போனால் அவையும் போகும். 'வேர் டிட் யூ கோ?' என்பதில் 'டிட்' நீங்கினால் 'வென்ட்' வரும்; அது ஒரு படி பின்னே போய் 'வேர் ஐ ஹேட் கான்' ஆகும்.

வினாச்சொல் இல்லாவிட்டால் 'இஃப்' அல்லது 'வெதர்'. 'வருவாயா என்று கேட்டார்' என்பதில் 'ஆ' செய்யும் வேலை இவற்றுடையது என்றால் உடனே புரிகிறது. 'என்று' என்பதை 'தட்' என எண்ணி, 'ஆஸ்க்ட் தட் இஃப்' என்று எழுதுவோரும் உண்டு. அதையும் இங்கேயே நிறுத்திவிடலாம்.

'ஹூ புரோக் தி விண்டோ?' போன்றவற்றைக் கடைசியில் கொடுங்கள். இதில் 'ஹூ'தான் எழுவாய். இடம் மாற எதுவும் இல்லை, 'ஹூ ஹேட் புரோக்கன் தி விண்டோ' என்றே வரும். வரிசை மாற்றுவதில் தேறிய கெட்டிக்காரப் பிள்ளைகள்தாம் இதில் 'விண்டோ'வை முன்னால் தள்ளிவிடுவார்கள்.