சமய ஆய்வும் பொதுநிதியும்

அரசு எச்சமயத்தையும் சாராதிருக்க வேண்டுமெனில், சமய ஆய்வுக்குப் பொதுநிதி வழங்குவது முறையாகுமா? இவ்வினாவுக்குப் பிரான்சு நாட்டு வரலாறு தக்க விடை தருகிறது. அங்கு 1885இல் அரசுப் பல்கலைக்கழகங்களின் கத்தோலிக்க இறையியல் புலங்கள் நிதி நிறுத்தப்பட்டு மூடப்பட்டன. மறு ஆண்டே, அந்நிதியைக் கொண்டு பாரிசின் உயராய்வுப் பள்ளியில் சமய அறிவியலுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கப்பெற்றது. திருச்சபையையும் அரசையும் பிரித்த 1905ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னரும் அப்பிரிவு தொடர்ந்தது. இறையியல், ஒரு சமயத்தின் உள்ளிருந்து அதன் உண்மையை விளக்குவது. சமய வரலாறோ, எல்லாச் சமயங்களையும் ஒரே சான்று முறையால் ஆராய்வது. இவ்வேறுபாடே அரசின் நிலைப்பாட்டுக்கு அடிப்படையாயிற்று.

இதனால் தமிழுலகமும் பயன்பெற்றுள்ளது. பிரெஞ்சு அரசின் நிதியில் 1955இல் ழான் ஃபிலியோசா புதுச்சேரியில் நிறுவிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தென்னாட்டுச் சைவ ஆகமச் சுவடிகளைத் திரட்டியது. என்.ஆர். பட் அவற்றுள் பலவற்றை ஒப்புநோக்கிப் பதிப்பித்தார். புதுச்சேரியிலுள்ள ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன.

பாடவேறுபாடுகளை மறையாது காட்டும் பதிப்புக்கு, முடிவை முன்னரே விரும்பாத நிதி தேவை. சமய ஆய்வைப் பொதுநிதியிலிருந்து விலக்குவது நடுநிலையன்று; அதனை நம்பிக்கை சார்ந்த புரவலர்களிடமே விட்டுவிடுவதாகும் என நாம் கருதுகிறோம்.